ஓரத்தில் கீறிய சொல்: ‘கப்பர்’ இசை குறித்துச் சில அவதானங்கள்

நெதர்லாந்தின் ரொட்டர்டாம் நகரில் 1990களின் தொடக்கத்தில் வளர்ந்த ஓர் இலத்திரனியல் நடன இசைக்குக் ‘கப்பர்’ என்று பெயர். ஒரு ‘ப்’ குறைந்தால் எமது வாசகர்களுக்கு மையவாடி ஞாபகத்துக்கு வந்துவிடும் என்பதால் அழுத்தியே எழுதுகிறேன். ஒல்லாந்தர்கள் முதலெழுத்தைத் தொண்டைக்குள்ளிருந்து உச்சரிப்பதால் காதில் அது ஏறத்தாழ ‘ஹப்பர்’ என்றுதான் விழும். சொல்லின் பொருள் தோழன். தோழன் என்பதுகூடக் கொஞ்சம் புத்தகத்தனமானது. எங்கள் பக்கத்தில் ‘கூட்டாளி’ என்கிறோமே, அந்தத் தொனி. ஹீப்ரு மொழியில் நண்பனைக் குறிக்கும் ‘ஹாவேர்’ என்ற சொல், ஐரோப்பிய யூதர்களின் யித்திஷ் மொழி வழியாகத் திருடர்களினதும் தெரு வியாபாரிகளினதும் குழூஉக்குறிக்குள் புகுந்து, அங்கிருந்து டச்சுத் தெருப்பேச்சுக்கு வந்து ‘கப்பர்’ ஆயிற்று. இந்த வம்சாவளியை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படும்.

ஓர் இலக்கியச் சஞ்சிகையில் இதைப் பற்றி எழுதக் காரணம், இது சொல்லைக் கைவிட்ட ஒரு கலை என்பதுதான். பாடலாசிரியன் இல்லை. பெரும்பாலும் பாடகனும் இல்லை. சொல்லை நம்பிக் காலந்தள்ளும் எம்மைப் போன்றவர்களுக்கு, அப்படியொரு கலை எதைக்கொண்டு நிற்கிறது, அதன் சார்பில் யார் பேசுகிறார்கள், அது பேசாதிருக்கும்போது அதன் வாயில் யார் தமது சொற்களைத் திணிக்கிறார்கள் என்பவை அக்கறைக்குரிய கேள்விகள்.

முதன்முறை கேட்பவருக்கு அது இரும்புப் பட்டறைதான். ஒரு நிமிடத்துக்கு 160 முதல் 190 வரையான அடிகள். பிற்காலத்தில் 200ஐயும் தாண்டிவிட்டது. அமர்ந்திருக்கும் மனிதனின் இதயம் நிமிடத்துக்கு 70, 80 தடவைதான் துடிக்கிறது. 180 என்றால் கடிகாரத்தின் விநாடி முள் ஒரு தடவை நகர்வதற்குள் மூன்று அடி. ஐந்து நிமிடம், ஆறு நிமிடம் இப்படியே. ‘இது இசையல்ல, சத்தம்’ என்ற தீர்ப்பு உடனே வாயில் வரும். அத்தீர்ப்பை வழங்குபவர்கள் கையடக்கத் தொலைபேசியின் சிறு ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டு வழங்கக் கூடாது என்பது மட்டுமே என் வேண்டுகோள். இந்த இசையின் உயிர் அடிமட்ட ஒலியில் இருக்கிறது. தொலைபேசி அந்த ஒலியை வெளியே விடுவதே இல்லை. கேட்பவருக்குச் சக்கை மட்டும் கிடைக்கும்.

ஜப்பானிய ரோலண்ட் நிறுவனம் 1983இல் டிஆர் 909 என்ற தாளப் பொறியொன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. வியாபாரத்தில் தோற்ற பொறி அது. இயற்கையான முரசு போல ஒலிக்கவில்லை என்று வாத்தியக்காரர்கள் ஒதுக்கிவிட, சில வருடங்களில் பழைய சாமான் விலைக்கு வந்தது. வசதியில்லாத இளைஞர்களின் கைக்கும் எட்டியது. அதிலுள்ள பெரிய முரசின் அடியானது தோலில் விழும் அடியல்ல. மின்சுற்றொன்றில் எழும் ஓர் அலை உயர்ந்த சுருதியில் தொடங்கிக் கண்ணிமைக்கும் நேரத்தில் கீழே சரிகிறது. அந்தச் சரிவையே காது ‘தும்’ என்று கேட்கிறது. ரொட்டர்டாம் இளைஞர்கள் செய்தது, அந்த அடியை ஒலிக்கலவைப் பலகையின் தாங்குசக்திக்கு மேலாக ஏற்றியதுதான். அளவு மீறி ஏற்றும்போது அலையின் மேற்புறமும் கீழ்ப்புறமும் வெட்டுப்படுகின்றன. உருண்டையாக இருந்த அலை சதுரமாகிறது. வெட்டுப்பட்ட இடங்களிலிருந்து முன்பு இல்லாத மேற்சுருதிகள் பிறக்கின்றன. ‘தும்’ என்று அடங்க வேண்டிய அடியின் வால் நீண்டு ஒரு ஸ்வரமாகிவிடுகிறது. அந்த ஸ்வரத்தை மேலும் கீழும் நகர்த்தினால் மெட்டு. அதாவது இங்கே முரசு தாளம் போடவும் செய்கிறது, பாடவும் செய்கிறது.

முரசுக்குச் சுருதி உண்டென்பது எமக்குப் புதிதல்ல. றபான் தோலைத் தணலில் காட்டிச் சுருதி ஏற்றுபவர்களைக் கண்டு வளர்ந்தவர்கள் நாம். வித்தியாசம் என்னவென்றால், றபானில் சுருதி பக்குவத்திலிருந்து வருகிறது; கப்பரில் அது பழுதிலிருந்து வருகிறது. ஒலிப்பதிவாளர்கள் பிழை என்று கருதித் தவிர்த்த ஒன்றை எடுத்து ஓர் இசையின் அடித்தளமாக வைத்தார்கள். இதனை வெறும் சத்தம் என்பவர்கள் அந்தச் சத்தம் எவ்வளவு கவனமாகச் செதுக்கப்பட்டது என்பதைக் கேட்கவில்லை என்றே சொல்வேன்.

இதற்கு ரொட்டர்டாம் மட்டும் உரிமை கோர முடியாது. ஜேர்மனியின் பிராங்க்பேர்ட் நகரில் மார்க் அகார்டிபானே 1990இல் ‘மெஸ்கலினம் யுனைட்டெட்’ என்ற பெயரில் வெளியிட்ட ‘வீ ஹேவ் அரைவ்ட்’ இவ்வகைக்கு முன்னோடியாகப் பரவலாக ஏற்றுக்கொள்ளப்படுகிறது. முரசின் மேல் ஊளையிடும் அந்தத் தடித்த ஒலி ரோலண்டின் அல்ஃபா ஜூனோ என்ற மற்றொரு கருவியிலிருந்து வந்தது. தூசு உறிஞ்சும் இயந்திரம்போல இரைவதால் ஆங்கிலேயர் அதை ‘ஹூவர்’ ஒலி என்று அழைத்தார்கள். அமெரிக்கரான ஜோயி பெல்ட்ராமின் பங்களிப்பில் 1991இல் வெளிவந்த ‘மென்டாஸம்’ அதைப் பிரபலமாக்கியது. ரொட்டர்டாம் செய்தது இவற்றைக் கூட்டி, வேகத்தை ஏற்றி, ஒரு ஊரின் பெயரை அதன்மேல் எழுதியதுதான்.

சொல்லைக் கைவிட்டது என்றேன். முற்றாக அல்ல. பயங்கரப் படங்களிலிருந்து ஒரு வசனத் துண்டு, ஹிப்ஹொப் தட்டிலிருந்து ஒரு கூவல், ஒரு வசவு. இவற்றை வெட்டி எடுத்து, பொருள் உதிரும் வரை திரும்பத் திரும்ப ஒலிக்க விடுவார்கள். பத்தாவது தடவையில் அது சொல்லல்ல, இன்னொரு அடி. இதில் ஒரு நுட்பம் உண்டு என்பதை ஏற்கிறேன். ஆனால் இத்துண்டுகளில் ஆபாசமும் பெண்களை இழிவுபடுத்தும் கூச்சலும் தாராளம். பொருளை உதிர்க்கிறோம் என்று சொல்லிக்கொண்டே அவற்றைத் தேடித் தேடிப் பொறுக்கியவர்களுக்கு அவற்றின் பொருள் தெரியாமலிருக்கவில்லை. இந்தப் பக்கத்தை மறைத்துவிட்டுப் பாராட்டுவது விமர்சனமாகாது.

பெயர் வந்த கதைக்கு வருவோம். அம்ஸ்டர்டாம் கலையும் பணமும் நாகரிகமும் உள்ள நகரம், ரொட்டர்டாம் துறைமுகம். 1962 முதல் 2004 வரை உலகின் மிகப்பெரிய துறைமுகம் அதுவே. கப்பல்துறையிலும் கட்டட வேலைகளிலும் சிறு கந்தோர்களிலும் (இச்சொல்லும் ஒல்லாந்தர் எமக்கு விட்டுச்சென்றதுதான்) கிழமை முழுதும் உழைக்கும் சனங்களின் ஊர். அங்கே யூரோமாஸ்ட் கோபுரத்துக்கு அருகிலுள்ள ‘பார்க்ஸிக்ட்’ என்ற மண்டபத்தில் இளைஞர்கள் இந்த வேக இசைக்கு ஆடத் தொடங்கியபோது, அம்ஸ்டர்டாமின் இசைத்தட்டுக் கலைஞர் ஒருவர், அவர்கள் கும்மாளமடிக்கும் வெறும் ‘கப்பர்கள்’ என்ற பொருளில் ஒரு நேர்காணலில் ஏளனமாகச் சொன்னாராம். ரொட்டர்டாமின் போல் எல்ஸ்டாக் அதை வாசித்தார். 1992இல் அவர் தொடங்கிய ரொட்டர்டாம் ரெக்கோர்ட்ஸின் முதல் தட்டு ‘யூரோமாஸ்டர்ஸ்’ குழுவினுடையது. அதன் தலைப்பே அம்ஸ்டர்டாம் எங்கே கிடக்கிறது என்று ரொட்டர்டாம் கொச்சையில் கேட்கும் நக்கல். அந்தத் தட்டில், இசை ஓடும் பள்ளங்கள் முடிந்து நடுவிலுள்ள பெயர்த்தாள் தொடங்குவதற்கு முன் வெறுமையாக இருக்கும் வளையத்தில், கப்பராக இருப்பது வெட்கமல்ல என்று டச்சில் கீறி வைத்தார் என்பது இவ்விசையின் வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்தி.

வசையை எடுத்துத் தமது பெயராகச் சூடிக்கொள்வது உலகெங்கும் நடப்பதுதான். என்னை நிறுத்தியது அந்தச் சொல் இருந்த இடம். ஊசி அங்கே போகும்போது இசை முடிந்துவிட்டது. ஆடுபவர்களுக்கு அது கேட்காது. தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடிப்பவருக்கே தெரியும். விளிம்பு, விளிம்பு என்று எம்மவர்கள் இப்போது தேநீருக்குச் சீனி போடுவதுபோல அச்சொல்லைப் பாவிக்கிறார்கள். இங்கே அது உவமையே அல்ல. சொல்லைக் கைவிட்ட இசைக்குச் சொல் தேவைப்பட்டபோது, இசைக்குள் இடமில்லாமல் ஓரத்தில் எழுதினார்கள்.

ரொட்டர்டாமைப் பற்றி எழுதுபவர்கள் 1940 மே 14ஆம் திகதி ஜேர்மனிய விமானங்கள் அந்நகரின் நடுப்பகுதியைக் குண்டு வீசி அழித்ததையும், சுமார் 80,000 பேர் வீடிழந்ததையும் சொல்லி, அந்த இடிபாட்டின் எதிரொலியே கப்பர் என்று எழுதிவிடுவதுண்டு. நெஞ்சில் துளையோடு கைகளை வானுக்கு உயர்த்தி நிற்கும் ஸாட்கினின் 1953ஆம் ஆண்டுச் சிலையையும் பக்கத்தில் வைத்தால் கட்டுரை அழகாக இருக்கும். எனக்கு இதில் உடன்பாடில்லை. 1992இல் ஆடியவர்கள் குண்டு விழுந்து முப்பது வருடங்களுக்குப் பின் பிறந்தவர்கள். அவர்களுக்குத் தெரிந்தது குண்டல்ல. குண்டுக்குப் பின் எழுப்பப்பட்ட நேர்கோட்டுக் கொங்கிறீட் நகரமும் அதன் வேலைநேரமும்தான். போர் அழிவைக் காட்டினால் எந்தச் சத்தத்துக்கும் கௌரவம் கிடைத்துவிடும் என்ற பழக்கம் எமது நாட்டு எழுத்திலும் உண்டு.

அந்த 1992இலேயே ஐடிஅண்ட்டி என்ற இளைஞர் அமைப்பு ஹேரன்ஃபேன் நகரின் தியால்ஃப் பனிச்சறுக்கு அரங்கில் ‘தண்டர்டோம்’ என்ற பெருவிழாவை நடத்தியது. அதன்பின் இறுவட்டுகள், வானொலி, தொலைக்காட்சி. சில வருடங்களில் கப்பர் நெதர்லாந்தின் மிகப் பெரிய இளைஞர் கலாசாரமாகிவிட்டது. ஆண்கள் தலையை மழித்தார்கள். பெண்கள் பக்கங்களை மழித்து மீதியை இழுத்துக் கட்டினார்கள். இத்தாலியத் தயாரிப்பான ‘ஆஸ்ட்ரேலியன்’ விளையாட்டு உடையும் நைக் எயார் மெக்ஸ் சப்பாத்தும் ஏறக்குறையச் சீருடை. மலிவானவை அல்ல, சம்பளத்தில் கணிசமான பங்கு அதற்கே போகும். ஆட்டத்துக்கு ‘ஹக்கன்’ என்று பெயர், வெட்டுதல் என்று பொருள். உடலின் மேற்பகுதி அதிகம் அசையாது. கால்கள் மட்டும் ஒவ்வொரு அடிக்கும் ஒரு வெட்டாக முன்னும் பின்னும் பறக்கும். சோடி சேர்ந்து ஆடுவதில்லை. ஆயிரக்கணக்கானோர் நடுவில் ஒவ்வொருவரும் தனித்தனியே, ஆனால் ஒரே அடியில்.

இவர்களைப் பார்த்த மிகச் சிறந்த பார்வை இசை விமர்சகர்களிடமிருந்து வரவில்லை; ஆரி ஃபெர்ஸ்லாய்ஸ், எலி ஔடன்புரூக் என்ற ரொட்டர்டாம் கலைஞர் இருவரிடமிருந்து வந்தது. 1994இல் அவர்கள் தொடங்கிய ‘எக்ஸாக்டிட்யூட்ஸ்’ தொகுப்பின் முதல் வரிசை கப்பர்கள். வெள்ளைப் பின்னணி, ஒரே உடை, ஒரே நிலை, பன்னிரண்டு பேர் கட்டங்கட்டமாக. முதல் பார்வையில் ஒரே ஆளைப் பன்னிரண்டு தடவை அச்சடித்தது போலிருக்கும். சற்று நேரம் பார்த்தால் ஒருவனுக்குக் காது நீளம், ஒருவன் பயந்தவன், இன்னொருவன் சிரிப்பை அடக்குகிறான். சீருடையில் நாற்பது பிள்ளைகளைத் தினமும் இடாப்பில் பெயர் சொல்லி அழைப்பவனுக்கு இது புதிய கண்டுபிடிப்பல்ல. ஆனால் நெதர்லாந்துப் பத்திரிகைகள் பல அந்த முதல் பார்வையுடனேயே நின்றுவிட்டன.

மழித்த தலைக்கு ஐரோப்பாவில் வேறொரு பொருளும் இருந்தது. இனவாதக் கும்பல்களின் அடையாளமும் அதுவே. கூட்டத்தில் ஒரு பகுதியினர் தேசியக் கொடியைச் சட்டையில் தைத்துக்கொண்டு வந்தார்கள். தீவிர வலதுசாரிகள் அங்கே ஆள் தேடினார்கள். தட்டு வெளியீட்டாளர்கள் இதற்கு எதிராக இனவாதத்தையும் வெறுப்பையும் மறுக்கும் வாசகங்களைத் தமது தட்டுகளின் உறைகளில் அச்சிட்டார்கள். மறுபடியும் ஓரத்தில். நல்ல காரியம்தான், ஆனால் இசைக்குள் அந்த மறுப்பு இல்லை. நிமிடத்துக்கு 180 அடி விழும் முரசு இனவாதத்தை ஆதரிக்கவும் இல்லை, அதைத் தடுக்கவும் இல்லை. யார் காலுக்கும் அது பொருந்திற்று.

2000க்குப் பின் தலைநகரங்களைவிட்டு விலகிய சிற்றூர்களில் இந்த இசையைக் கேட்டு, ‘லொன்ஸ்டேல்’ சட்டை அணிந்து திரிந்த இளைஞர்களை ஊடகங்கள் ‘லொன்ஸ்டேல் இளைஞர்’ என்றழைத்தன. அந்தப் பிரித்தானிய நிறுவனமே இனவாத எதிர்ப்பு முயற்சிகளுக்குப் பணம் கொடுத்தும் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. 2004 நவம்பர் 2ஆம் திகதி திரைப்பட இயக்குநர் தியோ வான் கோக், இஸ்லாத்தின் பெயரைச் சொன்ன ஒருவனால் அம்ஸ்டர்டாம் தெருவில் கொல்லப்பட்டார். ஒரு கிழமை கழித்து, நவம்பர் 9ஆம் திகதி இரவு, ஊடன் என்ற சிற்றூரில் இஸ்லாமிய ஆரம்பப் பாடசாலையொன்று தீ வைத்து எரிக்கப்பட்டது. பிடிபட்டவர்கள் அவ்வூரின் பதின்ம வயதினர். லொன்ஸ்டேல் இளைஞர்கள் என்றே அறியப்பட்டவர்கள்.

ஒரு பாடசாலை எரிந்த செய்திக்குப் பிறகு இந்த இசையை நான் எந்தக் காதால் கேட்பது? கேட்க வேண்டியதில்லை என்பது இலகுவான பதில். நெதர்லாந்தின் பல பாடசாலைகள் அப்படித்தான் அந்தச் சட்டையைத் தடைசெய்தன. ஆனால் அந்நாட்டுப் புலனாய்வுச் சேவை 2005இல் வெளியிட்ட அறிக்கை, இவ்விளைஞர்களில் மிகப் பெரும்பான்மையினர் தீவிர வலதுசாரிக் கருத்தியலைக் கொண்டவர்கள் அல்லர் என்றே கூறியது. எரிந்த வகுப்பறைக்கு இந்த வேறுபாட்டால் பயனில்லை. விமர்சனத்துக்கு உண்டு. சட்டை எதையும் எரிப்பதில்லை, முரசும் எரிப்பதில்லை. எனினும் ‘இசை அப்பாவி’ என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் எனக்கு மனமில்லை. ஒரு வரிக் கவிதையாக இருந்தாலும் அதைக் கையில் எடுத்து, இதில் நீ நினைப்பது இல்லை என்று வாதிட முடியும். வரியே இல்லாத கலையில் வாதிட எதைக் காட்டுவது? காலியாக விட்ட இடத்தில் யாரும் குடியேறலாம். பொருளை உதிர்த்த அதே விடுதலைக்குக் கப்பர் கொடுத்த விலை இது.

இதில் மிகக் கசப்பான முரண் ஒன்றுண்டு. அந்த இனவாதிகள் ஒருவரையொருவர் அழைத்துக்கொண்ட சொல் யூதர்களுடையது. இரண்டாம் உலகப் போருக்கு முன் நெதர்லாந்தில் வாழ்ந்த ஏறத்தாழ 140,000 யூதர்களில் ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலானோர் வாழ்ந்த அம்ஸ்டர்டாமின் தெருப்பேச்சில் அவர்களது சொற்கள் மிஞ்சின. ‘தோழன்’ அவற்றில் ஒன்று. மழித்த தலையோடு அந்நியனை வெளியேறச் சொன்னவன், தன் பெயரே ஓர் அந்நியன் விட்டுச்சென்றது என்பதை அறிந்திருக்கவில்லை.

இனவாதிகளைவிடப் பகிடிக்காரர்கள்தான் கப்பரைக் கொன்றார்கள் என்று அதன் பழைய அபிமானிகள் சொல்வதுண்டு. 1997 அளவில் ‘கப்பர் பீட்’ என்பவர் சிறுவர் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றின் பீவர்ப் பாட்டை இந்த முரசின் மேல் ஏற்றி வெற்றிப் பாடலாக்கினார். ‘ஹக்கூபார்’ என்ற பெயரிலும் ஒரு கேலிப்பாட்டு வந்தது. சின்னப் பிள்ளைகள் வாங்கில் ஏறி ஹக்கன் ஆடத் தொடங்கியதும் பெரியவர்கள் சட்டையைக் கழற்றிவிட்டார்கள். ஆனால் இனிப்பு அதற்கு முன்பே கலந்தாயிற்று. வெட்கமல்ல என்று கீறியதாகச் சொல்லப்படும் அதே போல் எல்ஸ்டாக்தான் 1995இல் ‘ரெயின்போ இன் த ஸ்கை’ போன்ற, பெண்குரல் பாடும் மென்மையான பாடல்களால் தரவரிசையில் ஏறினார். அவரைக் காட்டிக்கொடுத்தவர் என்றார்கள். எனக்கு அந்தப் பாடல்கள் பிடிப்பதில்லை. அதற்குக் காரணம் அவர் பணம் சம்பாதித்தார் என்பதல்ல. அவற்றில் முரசு பாடுவதை நிறுத்திவிட்டுப் பாடகிக்குத் தாளம் போடப் போய்விடுகிறது. கப்பர் கண்டுபிடித்த ஒரே விடயத்தை அவை கைவிட்டன. தண்டர்டோம் 2012இல் விடைபெற்றது; 25 வருட நிறைவுக்காக 2017இல் திரும்பியது. பழைய நாட்களை நினைத்து ஆடும் நடுவயதினருக்கு அது போதும்.

புதியது வேறிடத்தில் நடந்தது. இந்தோனேசியாவின் பாலித் தீவில் காஸிமின், இச்சான் ஹரேம் என்ற இருவர் ‘கப்பர் மோடுஸ் ஒபெராண்டி’ என்று பெயர் வைத்து 2018இலும் 2019இலும் இரண்டு இசைத்தொகுப்புகளை வெளியிட்டார்கள். காஸிமினை ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க் 2022இல் வெளிவந்த தமது ‘ஃபொஸ்ஸோரா’ தொகுப்புக்கு அழைத்துக்கொண்டார். ஒல்லாந்தர் மூன்று நூற்றாண்டுக்கு மேலாகக் காலூன்றியிருந்த நாடு, ஒல்லாந்தரின் துறைமுக இசையை எடுத்து, ஜாவாவில் மூங்கில் குதிரையோடு தன்னை மறந்து ஆடும் ‘ஜத்திலான்’ கூத்தின் சன்னதத்தையும் கமலான் ஸ்வரவரிசையையும் அதற்குள் புகுத்தியிருக்கிறது.

‘ஹொக்ஸ்யா’ என்ற அவர்களது 2019ஆம் ஆண்டுத் தொகுப்பில் முரசு ரொட்டர்டாமின் முரசுதான். பழுதிலிருந்து எடுத்த அதே சுருதி. ஆனால் அது அவர்களிடம் நேர்கோட்டில் ஓடுவதில்லை. இடறுகிறது, திடீரென்று நின்று மூச்சு வாங்குகிறது. அதன்மேல் இச்சான் ஹரேமின் குரல். படத்திலிருந்து வெட்டிய துண்டல்ல, அந்த இடத்தில் நின்று கத்தும் ஒரு மனிதனின் குரல். மொழி எனக்கு விளங்கவில்லை. சில இடங்களில் அது மொழிதானா என்பதும் விளங்கவில்லை. ஆயினும் தட்டின் ஓரத்திலோ உறையிலோ எழுதி ஒட்ட வேண்டிய நிலையில் அது இல்லை. முரசுக்கு நடுவில், அதோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருக்கிறது. ஆர்வமுள்ளவர்கள் 1990இன் ‘வீ ஹேவ் அரைவ்ட்’டை முதலில் கேட்டுவிட்டு, இடையிலுள்ள முப்பது வருடத்தைத் தாண்டி நேராக இதற்கு வரலாம். நல்ல காதணி ஒலிபெருக்கி ஒன்று மட்டும் தேவை.